செக் படித்தால் குடியா முழுகிவிடும்?

1897 அக்டோபர் 28ஆம் தேதி இரவு ஒன்பது மணி வாக்கில் வியன்னா நாடாளுமன்றத்தில் ஓட்டோ லெஹர் என்ற உறுப்பினர் பேச எழுந்தார். அவர் உட்கார்ந்தபோது பொழுது விடிந்து, மறுநாள் காலை ஒன்பது மணியை நெருங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மணி நேரம். தலைப்பு, ஹங்கேரியோடு பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய பொருளாதார உடன்படிக்கை. இதைவிட வறண்ட தலைப்பைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஆனாலும் மனிதர் கடைசிவரை விஷயத்தைவிட்டு நகரவில்லை. "இரண்டே வார்த்தையில் முடித்துக்கொள்கிறேன்" என்று மைக்கைப் பிடிக்கும் நம்மூர்ப் பேச்சாளர்கள்கூட இந்தச் சாதனையை நெருங்கியதில்லை. லெஹருக்கு மைக்கும் கிடையாது.

சபை மயங்கிக் கேட்டுக்கொண்டிருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். கார்ல் ஹெர்மன் வோல்ஃப் என்றொரு ஜெர்மன் தேசியவாதி. அவருக்கு வாதம் தீர்ந்துபோனால் மேஜையின் இழுப்புப் பலகையை உருவி, அதே மேஜைமேல் ஓங்கி ஓங்கி அடிப்பார். வாதம் அவருக்கு அடிக்கடி தீரும். அந்தச் சமயம் வியன்னாவில் தங்கியிருந்த மார்க் ட்வைன் இந்தக் கூத்தையெல்லாம் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றுக்கு நீளமாக எழுதி அனுப்பினார். நகைச்சுவை எழுத்தாளருக்கு அங்கே வேலையே இல்லை. நடந்ததை அப்படியே எழுதினால் போதும், வாசகர் சிரித்துக்கொள்வார்.

ஹங்கேரி உடன்படிக்கை வெறும் சாக்கு. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்வரை ஓட்டெடுப்பு நடத்த முடியாது. ஓட்டெடுப்பு நடக்காவிட்டால் அரசாங்கம் கவிழும். அரசாங்கத்தை ஏன் கவிழ்க்க வேண்டும்? ஆஸ்திரியப் பேரரசின் மாகாணமான பொஹீமியாவிலுள்ள குமாஸ்தாக்களைச் செக் மொழி படிக்கச் சொன்னதற்காக. ஒரு வல்லரசின் தலைநகர் பல மாதம் தூக்கமில்லாமல் கிடந்ததற்கு மூலகாரணம் அவ்வளவுதான்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. பேரரசர் ஃபிரான்ஸ் யோசெஃப் 1848இல் பதினெட்டு வயதில் சிம்மாசனம் ஏறியவர். 1916இல் சாகும்வரை இறங்கவில்லை. போர்களில் தோற்கும்போதெல்லாம் அவருக்கு ஜனநாயகத்தில் நம்பிக்கை பிறக்கும். 1866இல் பிரஷ்யாவிடம் வாங்கிய அடியில் பிறந்ததுதான் 1867ஆம் ஆண்டு அரசியல் சட்டம். அதன் 19ஆம் ஷரத்து, நாட்டிலுள்ள எல்லா இனங்களும் சமம், தத்தம் மொழியைப் பேணிக் காப்பது அவற்றின் மீறக்கூடாத உரிமை என்று சொன்னது. பள்ளியிலும் அலுவலகத்திலும் பொதுவாழ்விலும் எல்லா வட்டார மொழிகளுக்கும் சம அந்தஸ்து. படித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கும். அதை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

சமத்துவம் மொழிக்குத்தான், மனிதர்களுக்கு இல்லை. ஓட்டுரிமையை நான்கு வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். பெருநிலக்கிழார்களுக்கு 85 இடம், வணிக சபைகளுக்கு 21, நகரங்களுக்கு 118, கிராமங்களுக்கு 129. நகரத்திலும் கிராமத்திலும்கூட வரி கட்டுகிறவனுக்குத்தான் ஓட்டு. மற்றவர்கள் பேரரசரின் பிறந்தநாளுக்குக் கொடி ஆட்டலாம்.

இந்த நிலைமையில் 1895இல் பிரதமராக வந்து சேர்ந்தார் காஸிமிர் பதேனி பிரபு. கலீஷியாவில் ஆளுநராக இருந்த போலந்துக்காரர். அங்கே ஆள்வது போலந்துப் பிரபுக்கள், ஆளப்படுவோரில் பாதிப் பேர் அன்றைக்கு ருதேனியர் எனப்பட்ட உக்ரைனியர்கள். தேர்தலை எப்படி 'நடத்துவது' என்பதில் கலீஷியாவுக்குப் பேரரசு முழுக்கப் பேர் இருந்தது. அந்தப் பேரை வாங்கிக் கொடுத்ததில் பதேனிக்கும் பங்குண்டு. இரும்புக் கையர் வந்துவிட்டார், இனி எல்லாம் சரியாகும் என்றார்கள்.

வந்தவர் இரண்டு காரியம் செய்தார். முதலாவது நல்ல காரியம். 1896இல் ஐந்தாவதாக ஒரு வகுப்பை உண்டாக்கி, 24 வயது நிரம்பிய ஆண்கள் அனைவருக்கும் ஓட்டுக் கொடுத்தார். ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு 72 இடம். சுமார் 5,000 நிலக்கிழார்களின் 85 இடம் பத்திரமாக அப்படியே இருந்தது. கதவை ஒரு சாண் திறந்தார் என்று வைத்துக்கொள்ளலாம். 1897 மார்ச்சில் அந்த ஒரு சாண் சந்தில் இடித்துப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் மொழியையும் தோளில் போட்டுக்கொண்டுதான் வந்தார்கள். அவர்களுக்கு ஓட்டுப் போட்டவர்கள் பிரபுக்களைப் போல வீட்டில் பிரெஞ்சு பேசுகிற ஜாதி இல்லையே.

இரண்டாவது காரியத்தில்தான் சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தார்.

பொஹீமியாவில் ஒரு செக் விவசாயி மனுக் கொடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். 1880 முதலே அவன் செக் மொழியில் கொடுக்கலாம், பதிலும் செக்கில்தான் வரும். ஆனால் இடையில் அந்த மனு அலுவலகத்துக்குள் பயணம் செய்கிறதே, அது முழுக்க ஜெர்மனில் நடக்கும். குறிப்பு ஜெர்மனில், மேலதிகாரியின் கேள்வி ஜெர்மனில், கீழதிகாரியின் சமாதானம் ஜெர்மனில். வாசற்படியில் செக்காக நுழைகிற மனு உள்ளே மதம் மாறி, வெளியே வரும்போது தாய்மதம் திரும்பும். 1897 ஏப்ரல் 5ஆம் தேதி பதேனி ஓர் ஆணை போட்டார். எந்த மொழியில் மனு வந்ததோ அந்த மொழியிலேயே கோப்பு கடைசிவரை நடக்க வேண்டும். ஆகவே பொஹீமியாவின் அரசு அதிகாரிகள் எல்லாரும் 1901 ஜூலை 1ஆம் தேதிக்குள் இரண்டு மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டும். ஏப்ரல் மாதமே பக்கத்து மாகாணமான மொராவியாவுக்கும் இதே ஆணை.

எழுத்தில் பார்த்தால் இதில் ஒரு தப்பும் இல்லை. இருவருக்கும் ஒரே விதி. ஆனால் படித்த செக் இளைஞனுக்கு ஜெர்மன் ஏற்கெனவே தெரியும். அது இல்லாமல் அவனால் உயர்நிலைப் பள்ளியைத் தாண்டியிருக்கவே முடியாது. ஜெர்மன் இளைஞனுக்குத் தெரிந்த செக் எல்லாம் சமையற்காரியிடம் உப்புக் கேட்கிற அளவுதான். அதற்குமேல் படிப்பதை அவன் கௌரவக் குறைவாகவே நினைத்தான். ஆக, நான்கு வருஷம் கழித்துத் தபால் அலுவலகம் முதல் நீதிமன்றம்வரை எல்லா நாற்காலியிலும் செக்காரன் உட்கார்ந்திருப்பான். பண்பாடு, கதே, ஷில்லர் என்று மேடையில் முழங்கியவர்கள் வீட்டுக்குப் போனதும் கவலைப்பட்டது பென்ஷனோடு கூடிய உத்தியோகத்தைப் பற்றித்தான். இதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. மொழிச் சண்டை என்று பேர் வாங்கிய பல சண்டைகளுக்கு அடியில் ஒரு நாற்காலி கிடக்கும்.

பதேனிக்கு செக் மொழிமேல் காதல் ஒன்றும் கிடையாது. ஹங்கேரி உடன்படிக்கையை நிறைவேற்ற செக் உறுப்பினர்களின் ஓட்டுத் தேவைப்பட்டது, அதற்கான விலை இது. பழைய கணக்குப்படி அதில் ஆபத்து ஒன்றுமில்லை. குமாஸ்தாவின் கோபத்தை எந்தப் பிரதமர் பொருட்படுத்தியிருக்கிறார்? ஆனால் இப்போது குமாஸ்தாவுக்கும் அவன் மச்சானுக்கும் ஓட்டு இருந்தது. அந்த மச்சானுக்கும் சேர்த்து ஓட்டுக் கொடுத்த புண்ணியவான் பதேனியேதான்.

அடுத்த எட்டு மாதம் நடந்ததை முழுசாகச் சொன்னால் லெஹருக்குப் போட்டியாகிவிடும். செப்டம்பரில் வோல்ஃப் சபையிலேயே பிரதமரின் போலந்துப் பிறப்பை இழுத்து வசை பாடினார். பிரதமர் அதற்கு என்ன செய்தார் தெரியுமா? துவந்த யுத்தத்துக்கு அழைத்தார். ஆளுக்கொரு துப்பாக்கி. சட்டப்படி அது குற்றம், திருச்சபைப்படி பாவம். சட்டத்தைக் காக்க வேண்டிய பிரதமர் 25ஆம் தேதி போய் நின்று, கையில் குண்டடி பட்டுத் திரும்பினார். வோல்ஃபுக்கு ஒரு கீறலும் இல்லை. பேரரசர் பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டார்.

பெர்லினிலிருந்து தியோடர் மோம்சென் வேறு சேர்ந்துகொண்டார். ரோமாபுரி வரலாற்றைக் கரைத்துக் குடித்த மாமேதை. செக்காரனின் மண்டையில் பகுத்தறிவு ஏறாது, அடி கொடுத்தால் ஏறும் என்கிற பொருளில் வியன்னாப் பத்திரிகை ஒன்றில் பகிரங்கக் கடிதம் எழுதினார். ஐந்து வருஷம் கழித்து அவருக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள். இந்தக் கடிதத்துக்காக இல்லை.

நவம்பரில் சபை சந்தைக்கடையாகிவிட்டது. கைகலப்பில் ஒரு சட்டப் பேராசிரியர் பேனாக்கத்தியை உருவினார். சட்டம் கற்பிக்கிறவர் என்பதைக் கவனிக்கவும். 25ஆம் தேதி ஃபால்கென்ஹைன் பிரபு ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கலாட்டா செய்யும் உறுப்பினரை மூன்று நாள் வெளியேற்றலாம், தேவைப்பட்டால் போலீசைக் கூப்பிடலாம். காது கிழிகிற கூச்சலில் சபாநாயகர் ஆப்ரகாமோவிச் என்னவோ சொன்னார், சிலர் எழுந்தார்கள், தீர்மானம் நிறைவேறியது. எதற்கு எழுந்தோம் என்று எழுந்தவர்களுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். மறுநாள் சோஷலிஸ்டுகள் சபாநாயகரின் மேடை மேலேயே ஏறிக் காகிதங்களைக் கிழித்துப் போட்டார்கள். போலீஸ்காரர்கள் அணிவகுத்து உள்ளே வந்து மக்கள் பிரதிநிதிகளைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிப் போனார்கள். கிரேக்கத்தில் ஜனநாயகம் பிறந்ததை ஞாபகப்படுத்துவதற்காகவே தூண்களும் சிற்பங்களுமாகக் கிரேக்கப் பாணியில் கட்டிய கட்டடம் அது. சில வருஷம் கழித்து, 1902இல், அறிவுத் தெய்வமான அதீனாவுக்கும் அங்கே சிலை வைத்தார்கள். கட்டடத்துக்கு வெளியே.

வியன்னா தெருவில் கூட்டம், கிராட்ஸ் நகரில் துப்பாக்கிச் சூடு. 28ஆம் தேதி பேரரசர் பதேனியை வீட்டுக்கு அனுப்பினார். ஜெர்மானியர் கொண்டாடினார்கள். உடனே ப்ராக் நகரில் செக்காரர்கள் தெருவுக்கு வந்து ஜெர்மன் கடைகளை அடித்து நொறுக்கினார்கள். கூடவே யூதர்களின் கடைகளையும். வியன்னாவின் ஜெர்மன் தேசியவாதிகள் யூதனைத் தங்கள் ஆளாகச் சேர்க்கவே மாட்டார்கள், ப்ராகின் செக் தேசியவாதிகளோ நீ ஜெர்மன்காரனின் ஆள்தானே என்று அடித்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரு தரப்புக்கும் ஒற்றுமை இருந்தது. டிசம்பர் 2ஆம் தேதி ப்ராகில் ராணுவச் சட்டம்.

பதேனியின் ஆணைகளை முதலில் நீர்க்கவிட்டு, 1899 அக்டோபரில் அடியோடு வாபஸ் வாங்கினார்கள். அதுவரை ஜெர்மானியர் சபையை முடக்கினார்கள். அதன்பின் செக்காரர்கள் முடக்கினார்கள். பலகை அதே பலகைதான், கை மாறியது.

இங்கே யார் சிறுபான்மை, யார் பெரும்பான்மை என்று குறித்துக்கொள்ள நினைப்பவர்கள் பென்சிலில் குறிப்பது நல்லது. பேரரசு அளவில் செக்காரர்கள் சிறுபான்மை, ஆகவே பொஹீமியாவுக்குத் தன்னாட்சி வேண்டும் என்றார்கள். பொஹீமியாவுக்குள் நூற்றுக்கு 37 பேரான ஜெர்மானியர் சிறுபான்மை, ஆகவே எங்கள் மாவட்டங்களைத் தனியாகப் பிரித்துக் கொடு என்றார்கள். அதெப்படி, பொஹீமியா பிரிக்க முடியாத புண்ணிய பூமியாயிற்றே என்றார்கள் செக்காரர்கள். கலீஷியாவில் போலந்துக்காரர்களும் ருதேனியரிடம் இதையேதான் சொன்னார்கள். தன்னாட்சி என்பது நாம் கேட்க வேண்டிய பொருள், பிறத்தியாருக்குக் கொடுக்கிற பொருள் இல்லை என்பதில் சபையின் எட்டு மொழிக்காரர்களும் ஒரே கட்சி.

இத்தனை அமளியிலும் ராணுவம் மட்டும் எப்படியோ சமாளித்தது. சிப்பாய் எவனும் ஜெர்மன் இலக்கணம் கற்க வேண்டியதில்லை. 'நில்', 'சுடு' வகையில் சுமார் 80 ஆணைச் சொற்கள் தெரிந்தால் போதும். மறுபக்கம், படைப்பிரிவில் நூற்றுக்கு 20 பேர் ஒரு மொழி பேசினால் அதிகாரி மூன்று வருஷத்துக்குள் அந்த மொழியைக் கற்றாக வேண்டும். மீசை முறுக்கிய கேப்டன்கள் முணுமுணுக்காமல் ருதேனியனும் ருமேனியனும் படித்தார்கள். குமாஸ்தாதான் முடியாது என்றான்.

அந்த ராணுவத்துக்கும் ஒரு சோதனை வந்தது. ரிசர்வ் சிப்பாய்களைக் கூப்பிட்டுப் பெயர் வாசிக்கும்போது 'ஹியர்' என்று ஜெர்மனில் சொல்ல வேண்டும். 1899இல் செக் சிப்பாய்கள் சிலர் 'ஸ்தே' என்றார்கள். அர்த்தம் ஒன்றுதான், உள்ளேன் ஐயா. ஆள் எதிரிலேயே நிற்கிறான், கண்ணுக்குத் தெரிகிறான். ஆனாலும் தவறான மொழியில் ஆஜரானதற்காகச் சிறைக்கு அனுப்பினார்கள். நாடாளுமன்றம் அதைப் பற்றியும் சண்டை போட்டது.

புத்திசாலிகளே இல்லாத தேசம் என்று சொல்லிவிடக் கூடாது. நாடாளுமன்ற நூலகத்தில் கார்ல் ரென்னர் என்ற ஊழியர் இருந்தார். பக்கத்து மண்டபத்தில் பலகை அடிபடும் காலத்தில் உட்கார்ந்து யோசித்து, 1899இல் புனைபெயரில் ஒரு சிறுநூல் போட்டார். மொழி உரிமையை நிலத்தோடு கட்டாதீர்கள், மதத்தைப் போல ஆளோடு கட்டுங்கள் என்றார். ஒரே தெருவில் கத்தோலிக்கனும் புராட்டஸ்டன்டும் தத்தம் கோயிலுக்குப் போவதில்லையா? அதுபோல அவரவர் தத்தம் மொழிச் சங்கத்தில் பெயரைப் பதிந்துகொண்டு பள்ளியையும் பண்பாட்டையும் தாங்களே நடத்திக்கொள்ளட்டும். அதே ஆண்டு ப்ரூன் நகரில் கூடிய சோஷலிஸ்ட் மாநாடும் ஆஸ்திரியாவை ஜனநாயக மொழிவாரிக் கூட்டாட்சியாக்கத் தீர்மானம் போட்டது. தீர்மானத்தை முன்வைத்துப் பேசியவர் பொஹீமிய ஜெர்மானியரான யோசெஃப் ஸெலிகர். பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ரென்னரின் யோசனையின் சாயலில் மொராவியா 1905இல் ஒரு சமரசம் செய்துகொண்டது. வாக்காளர்களை செக் பட்டியல், ஜெர்மன் பட்டியல் என்று பிரித்துவிட்டால் தேர்தலில் ஒருவரோடொருவர் மோத வேண்டியதில்லை. நல்ல யோசனைதான். ஆனால் கூடவே, குழந்தைக்குப் பள்ளியின் மொழி தெரிந்திருந்தால்தான் சேர்க்கலாம் என்று ஒரு விதியையும் வைத்தார்கள். அந்தப் பக்கத்து கிராமங்களில் காலங்காலமாக ஒரு நல்ல வழக்கம் உண்டு. செக் வீட்டுப் பையனை ஒரு வருஷம் ஜெர்மன் வீட்டில் விடுவார்கள், அந்த வீட்டுப் பையன் இங்கே வருவான். இரண்டு பேரும் இரண்டு மொழி கற்றுக்கொண்டு, ஒரு சுற்றுச் சதை போட்டுத் திரும்புவார்கள். இப்போது பையன் எந்தப் பட்டியல் என்று அதிகாரி முடிவு செய்ய வேண்டும். நாளைக்கு உத்தியோகம் கிடைக்குமே என்று மகனை ஜெர்மன் பள்ளியில் போட்ட செக் அப்பா மேல் செக்காரர்களே புகார் கொடுத்தார்கள்: எங்கள் பிள்ளையை அவர்கள் திருடுகிறார்கள்! பெற்றவனைக் கேட்டால், அவனுக்கு என்ன தெரியும் என்றார்கள்.

பேரரசருக்கு அப்போது மறுபடி ஜனநாயகத்தில் நம்பிக்கை பிறந்தது. எல்லா ஆண்களுக்கும் சமமாக ஓட்டுக் கொடுத்துவிட்டால் ஏழை ஜனங்கள் அரிசி பருப்பைப் பற்றிப் பேசும் ஆட்களை அனுப்புவார்கள், மொழி பேசும் வக்கீல்கள் ஒழிவார்கள் என்பது கணக்கு. 1907இல் வகுப்புகள் ஒழிந்தன. 516 இடங்களையும் முதலிலேயே மொழிவாரியாகப் பங்கு போட்டுத் தொகுதி வரைந்தார்கள். 233 ஜெர்மானியருக்கு, 107 செக்காரருக்கு, 5 ருமேனியருக்கு என்று வரிசையாக. மொழியை மறக்கடிப்பதற்கான தேர்தலை மொழிக்கணக்குப் பார்த்தே நடத்தினார்கள். மே மாதத் தேர்தலில் சோஷலிஸ்டுகள் எண்பதுக்கும் மேல் ஜெயித்து வந்தார்கள். கணக்குப் பலித்துவிட்டது என்று அரண்மனையில் சந்தோஷம். பார்த்தால் சோஷலிஸ்டுகளே செக், ஜெர்மன் என்று பிரிந்து, 1911 தேர்தலில் எதிரெதிராக நின்றார்கள். உலகத் தொழிலாளர்கள் ஒன்றுபட வேண்டும் என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

சபையில் யார் வேண்டுமானாலும் தன் மொழியில் பேசலாம். மொழிபெயர்ப்பாளர் மட்டும் ஒருவரும் கிடையாது. ஜெர்மனைத் தவிர மற்ற மொழிப் பேச்சைக் குறிப்பெடுக்கவும் ஆள் இல்லை. உறுப்பினர் ஒருவர் மணிக்கணக்கில் ருதேனிய மொழியில் முழங்கினால், அது மசோதாவா சமையல் குறிப்பா என்று சபாநாயகர் கண்டுபிடிக்க வழியில்லை. வேலை வெட்டி இல்லாதவர்களுக்கு இலவசப் பொழுதுபோக்கு. லின்ஸ் பக்கத்திலிருந்து ஓவியம் படிக்க வந்து இடம் கிடைக்காமல் திரிந்த ஓர் இளைஞனும் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து பார்த்தான். நாடாளுமன்றம் என்ற ஏற்பாட்டின் மேலேயே அவனுக்கு அருவருப்பு வந்ததாகப் பிற்பாடு எழுதினான். பெயர் அடால்ஃப் ஹிட்லர். எல்லாரும் நிறைய பார்க்கிறார்கள், அவரவருக்குத் தோன்றுகிறதைக் கற்றுக்கொள்கிறார்கள்.

1914 மார்ச்சில் பிரதமர் ஷ்ட்யூர்க் பொறுமை இழந்து சபையை மூடினார். ஜூலையில் பேரரசு போருக்குப் போனபோது, போகலாமா என்று கேட்க வியன்னாவில் நாடாளுமன்றமே இல்லை. கட்டடத்தை ராணுவ ஆஸ்பத்திரியாக்கினார்கள். 1916இல் ஷ்ட்யூர்க் மதியச் சாப்பாட்டின்போது சுடப்பட்டுச் செத்தார். சுட்டவர் சோஷலிஸ்ட் தலைவரின் மகன். 1918இல் பேரரசே இல்லை.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1897இல் வியன்னா சபையின் துணைத் தலைவராக மேடையில் இடிபட்ட கரேல் க்ரமார்ஷ், பேரரசு உடைந்து பிறந்த செக்கோஸ்லோவாக்கியாவின் முதல் பிரதமர் ஆனார். முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானியர் அந்த நாட்டில் மொழிச் சிறுபான்மையினர் ஆனார்கள். 1920இல் மொழிச் சட்டம் வந்தது. ஒரு வட்டாரத்தில் நூற்றுக்கு 20 பேர் இருந்தால்தான் ஜெர்மனில் மனுக் கொடுக்கலாம். 1926இல் அதற்கான விதிமுறைகள். ஜெர்மன் குமாஸ்தாக்கள் செக் மொழித் தேர்வு எழுதினார்கள், தேறாத பலருக்கு வேலை போயிற்று.

இதற்கெல்லாம் முன்னால், 1918 நவம்பர் தொடக்கத்தில், புது அரசு பிறந்த ஒரு வாரத்தில், பொஹீமிய ஜெர்மானியரின் சார்பாக ஒருவர் ப்ராகுக்குப் பேச்சுவார்த்தைக்கு வந்தார். ப்ரூன் மாநாட்டுத் தீர்மானக்காரரான அதே ஸெலிகர்தான். புது அரசின் சார்பில் அவரைச் சந்தித்தவர் அலாய்ஸ் ரஷீன். கலகக்காரர்களோடு நாங்கள் பேசுவதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். இந்த ரஷீனுக்கும் க்ரமார்ஷுக்கும் 1916இல் வியன்னா நீதிமன்றம் தேசத்துரோகக் குற்றத்துக்காக மரண தண்டனை விதித்திருந்தது. மறு வருஷம் புதுப் பேரரசர் மன்னித்துவிட்டதால்தான் ரஷீன் அந்த நாற்காலிவரை வந்து சேர்ந்தார்.